பழைய பெண் குழுக்கள்: பாடியவர்களே பேசும் புத்தகமும் படமும் எவை?

நள்ளிரவு வானொலி:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே பாட்டில் கிடக்கிறேன். ரோனெட்ஸ் குழுவின் 'பீ மை பேபி', 1963இல் வந்தது. தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும்தான். தொம், தொம்தொம், டப். அதற்கே உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் மூக்கால் வருகிற மாதிரி, கொஞ்சம் நடுங்குகிற மாதிரி, ஆனால் யாருக்கும் பயப்படாத குரல். சொற்கள் தீர்ந்துபோன இடத்தில் அவர் 'வோ-ஓ-ஓ-ஓ' என்று இழுக்கிறாரே, அந்த ஓரிடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.

பாடியவர் வெரோனிகா பென்னட், எல்லோரும் கூப்பிடும் பெயர் ரானி என்பது வரை தெரிந்துகொண்டேன். அதற்குமேல் எங்கே தேடினாலும் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரின் கதைதான் வந்து நிற்கிறது. எத்தனை கிடார் வைத்தார், எத்தனை பியானோ வைத்தார், ஒலியை எப்படிச் சுவர் மாதிரி எழுப்பினார், கடைசியில் கொலைக் குற்றத்துக்காக எப்படிச் சிறைக்குப் போனார், இப்படியே போகிறது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சுவர் இல்லை, அதன் முன்னால் நின்று பாடிய பெண்.

ஷிரெல்ஸ், கிரிஸ்டல்ஸ், ஷாங்ரி-லாஸ், மார்வெலெட்ஸ் என்று அந்தக் காலத்துப் பெண் குழுக்கள் எல்லாவற்றையும் பற்றிப் படிக்க ஆசை. பாடியவர்களே பேசுகிற புத்தகங்கள் எவை? நல்ல ஆவணப்படம் உண்டா? எனக்கு இசை இலக்கணம் தெரியாது. ஸ்வரம், கார்டு என்று பக்கம் பக்கமாகப் போனால் பாதியில் விட்டுவிடுவேன். எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

பின்பக்கப் பாட்டு:

நேராக ரானியின் சுயசரிதையில் தொடங்குங்கள். பாட்டின் பெயரேதான் புத்தகத்தின் பெயரும், 'பீ மை பேபி'. 1990இல் வின்ஸ் வால்ட்ரனோடு சேர்ந்து எழுதியது. ரானி 2022 ஜனவரியில் காலமானார், அதே ஆண்டு புதிய பதிப்பும் வந்தது. எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியான நடை. ரானி, அக்கா எஸ்டெல், சித்தி மகள் நெட்ரா டாலி, மூன்று பேரும் கொண்டையை எப்படி உயர்த்திக் கட்டினார்கள், கண்ணுக்கு மை எவ்வளவு தீட்டினார்கள் என்பதைக்கூட ரசித்துச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோற்றம் எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை, நியூயார்க் தெருக்களில் பார்த்த பெண்களிடமிருந்து அவர்களே எடுத்துக்கொண்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்டரோடு திருமணம் ஆன பிறகு வரும் அத்தியாயங்கள் கனமானவை. வீட்டைச் சுற்றி முள்வேலி, காவல் நாய்கள். ஓடிப்போய்விடக் கூடாது என்று செருப்பைக்கூட ஸ்பெக்டர் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். 1972இல் அம்மாவின் துணையோடு வெறுங்காலோடுதான் அந்த வீட்டை விட்டு ரானி வெளியே வந்தார். அந்தப் பக்கங்களை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். நான் படித்தேன், விடியும்வரை தூக்கம் வரவில்லை.

புத்தகம் முடிந்ததும் இன்னொரு விஷயத்தையும் தேடிப் படித்துவிடுங்கள்: ரோனெட்ஸ் தொடுத்த வழக்கு. 1963இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மூவருக்கும் சேர்த்து முன்பணமாகக் கிடைத்தது சுமார் 15,000 டாலர். அதற்குப் பிறகு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. எண்பதுகளின் கடைசியில் நீதிமன்றம் போனார்கள். 2000இல் சுமார் 26 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 2002இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஒரு பெரிய பகுதியை வெட்டிவிட்டது. படத்திலும் விளம்பரத்திலும் பாட்டைப் பயன்படுத்தும் உரிமை பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்டதால் அந்த உரிமை பதிவின் சொந்தக்காரருக்கே என்று சொல்லிவிட்டார்கள். இசைத்தட்டு விற்பனைக்கான பங்கு மட்டும் பாடியவர்களுக்கு நின்றது. 1963இல் கையெழுத்துப் போட்ட அந்த இளம் பெண்கள், நாற்பது வருடம் கழித்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று எங்கே நினைத்திருப்பார்கள்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'பீ மை பேபி' பதிவில் ரோனெட்ஸ் மூவரில் ரானியின் குரல் மட்டும்தான் இருக்கிறது. பின்னால் கேட்பவை வேறு ஆட்களின் குரல்கள். அதில் டார்லீன் லவ் என்ற பாடகி உண்டு, பின்னாளில் பெரும் புகழ் பெற்ற, ஆனால் அன்று யாருக்கும் தெரியாத பாடகி ஷேரும் உண்டு. இந்த இடத்தில்தான் நீங்கள் கேட்ட 'பாடியது யார்' என்ற கேள்வி பெரிதாகிறது.

என் கதையைச் சொல்கிறேன். கிரிஸ்டல்ஸ் குழுவின் 'ஹீஸ் எ ரெபெல்' எனக்கு உயிர். 1962இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அந்தக் குரலைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் 'கிரிஸ்டல்ஸ் மாதிரி வருமா' என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்தேன், அதில் கிரிஸ்டல்ஸ் ஒருவர்கூடப் பாடவில்லை. அவர்கள் நாட்டின் கிழக்குக் கரையில் இருந்தார்கள். அதே பாட்டை வேறொருவர் வெளியிடுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் லாஸ் ஏஞ்சலஸில் டார்லீன் லவ்வையும் அவருடைய பிளாசம்ஸ் குழுவையும் வைத்துப் பதிவு செய்துவிட்டார் ஸ்பெக்டர். தட்டில் அச்சானது கிரிஸ்டல்ஸ் பெயர். இதில் இரண்டு தரப்புக்கும் அநியாயம். பாடியவருக்குப் பெயர் இல்லை. பெயர் உள்ளவர்கள் தாங்கள் பாடாத பாட்டை மேடைக்கு மேடை பாட வேண்டிய நிலை. படித்த அன்றே என்னிடம் இருந்த தட்டின் உறையை எடுத்து, குழுவின் பெயருக்குக் கீழே பென்சிலால் 'டார்லீன் லவ்' என்று எழுதி வைத்தேன். இன்றும் அது இருக்கிறது.

அடுத்து வந்த 'ஹீஸ் ஷ்யூர் தி பாய் ஐ லவ்' தன் சொந்தப் பெயரில் வரும் என்று நம்பித்தான் டார்லீன் பாடினார். அதுவும் கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வந்தது. 1998இல் வந்த அவருடைய 'மை நேம் இஸ் லவ்' என்ற சுயசரிதையில் இதையெல்லாம் விரிவாகப் படிக்கலாம். அந்தத் தலைப்பின் அருமை, கதை தெரிந்த பிறகுதான் முழுதாகப் புரிகிறது.

ஆவணப்படம் என்றால் 2013இல் வந்த 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்'. இயக்கியவர் மார்கன் நெவில். பின்னணிக் குரல் கொடுத்தவர்களைப் பற்றிய படம், ஆஸ்கரும் வாங்கியது. பெண் குழுக்களைப் பற்றி மட்டும் பேசும் படம் இல்லை என்றாலும் டார்லீன் வரும் பகுதிகளுக்காகவே பார்க்க வேண்டும். வாய்ப்புகள் வற்றிப்போய், வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போயிருக்கிறார். ஒருவர் வீட்டில் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வானொலியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வருகிறது. அவர் பாடிய பாட்டு. அந்த நிமிடத்தில்தான் மறுபடி பாடப் போவது என்று முடிவெடுத்ததாகச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவதாக, நீங்கள் கேட்டதற்கு மிக அருகில் வருகிற புத்தகம்: லாரா ஃபிளாம், எமிலி சியூ லீபோவிட்ஸ் இருவரும் 2023இல் வெளியிட்ட 'பட் வில் யூ லவ் மீ டுமாரோ'. வாய்மொழி வரலாறு. பாடியவர்களும் பாட்டு எழுதியவர்களும் மாறி மாறிப் பேசுகிறார்கள், தொகுத்தவர்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் அப்படியே இருக்கும். அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு குழுவின் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டு அவர்கள் பாட்டைக் கேளுங்கள், அப்புறம் அடுத்தது. அவசரப்பட்டால் பெயர்கள் குழம்பிவிடும்.

வரலாறு கோர்வையாக வேண்டும் என்றால் ஆலன் பெட்ராக் 1982இல் எழுதிய 'கேர்ள் குரூப்ஸ்: தி ஸ்டோரி ஆஃப் எ சவுண்ட்'. இந்தப் பாட்டுகளைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து முழுப் புத்தகம் எழுதினார் என்பதே பெரிய விஷயம். படங்கள் அருமை. ஆனால் தயாரிப்பாளர்களுக்கும் கம்பெனிகளுக்கும் நிறைய இடம் கொடுப்பார், அதனால் உங்களுக்கு இது முதல் புத்தகம் வேண்டாம். இதை ஒட்டி அதே பெயரில் 1983இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. பழைய தொலைக்காட்சிக் காட்சிகளுக்காகவே தேடிப் பிடிக்கலாம்.

ஜாக்குலின் வார்விக் 2007இல் எழுதியது கல்லூரிப் பாடம் மாதிரி இருக்கும், இப்போதைக்கு விடுங்கள். சூசன் டக்ளஸின் 'வேர் தி கேர்ள்ஸ் ஆர்' (1994) புத்தகத்தில் ஷிரெல்ஸ் ஏன் முக்கியம் என்று ஓர் அத்தியாயம் உண்டு, அதை மட்டும் தனியாகப் படிக்கலாம். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும்.

டெட்ராய்ட் பித்து:

மேலே சொன்னவர் டெட்ராய்ட் நகரத்து இசைத்தட்டுக் கம்பெனியான மோட்டவுன் பக்கமே வரவில்லை, அதனால் நான் வருகிறேன்.

மார்வெலெட்ஸைக் கேட்டிருந்தீர்கள். 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', 1961. அமெரிக்கப் பட்டியலில் மோட்டவுன் கம்பெனிக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்தவர்கள் மிச்சிகனின் இங்க்ஸ்டர் என்ற ஊரைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பெண்கள். சொந்தமாக ஒரு பாட்டோடு வாருங்கள் என்று கம்பெனியில் சொல்லி அனுப்புகிறார்கள். குழுவிலிருந்த ஜார்ஜியா டாபின்ஸ், தெரிந்த ஒருவர் எழுதி வைத்திருந்த பாட்டை வாங்கி, தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒரே ராத்திரியில் புதிதாக எழுதுகிறார். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அப்பா சம்மதிக்கவில்லை. அம்மாவுக்கோ உடம்பு சரியில்லை. ஜார்ஜியா வீட்டோடு நின்றுவிட்டார். கிளாடிஸ் ஹார்ட்டன் முன்னால் நின்று பாடினார், நாடே கேட்டது. பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜியாதான் மனதில் வருகிறார். இந்தக் குழுவைப் பற்றி மார்க் டெய்லர் 2004இல் ஒரு தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். (அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர், பின்னாளில் பாடகராகப் புகழ் பெற்ற மார்வின் கே. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.)

மோட்டவுனின் இன்னொரு பெண் குழுவான சுப்ரீம்ஸ் என்றால், அதில் பாடிய மேரி வில்சனின் 'ட்ரீம்கேர்ள்', 1986. மூவரும் டெட்ராய்ட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த நாட்களை எழுதிய பக்கங்கள்தான் அதில் சிறந்தவை. அதைப் படித்த கையோடு பீட்டர் பெஞ்சமின்சனின் 'தி லாஸ்ட் சுப்ரீம்' (2008) படியுங்கள். ஃபுளோரன்ஸ் பல்லார்டைப் பற்றியது. சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். 1967இல் குழுவிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். 1976இல் இறந்தபோது வயது 32. இறப்பதற்கு முந்திய ஆண்டு இந்தப் பத்திரிகையாளரிடம் அவர் மனம்விட்டுப் பேசியதுதான் புத்தகத்தின் அடிப்படை. மேரியின் பக்கத்தையும் ஃபுளோரன்ஸின் பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு குழு எப்படி உடைகிறது என்பது தெரியும்.

பார்க்க வேண்டும் என்றால் 'டி.ஏ.எம்.ஐ. ஷோ'. 1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் படமெடுத்த மேடைக் கச்சேரி, பேட்டியோ விளக்கமோ கிடையாது. சுப்ரீம்ஸ் புகழின் படியில் ஏறிக்கொண்டிருந்த நேரம். அதில் மார்வின் கே பாடும்போது பின்னால் நிற்கும் மூன்று பெண்களைக் கவனியுங்கள். அவர்கள்தான் பிளாசம்ஸ், அதில் ஒருவர் டார்லீன் லவ்.

ஏழாம் மாடி:

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. தயாரிப்பாளர்களை ஒதுக்குவது சரி, ஆனால் பாட்டு எழுதியவர்களையும் சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அங்கேயும் பெண்கள் இருந்தார்கள். ஷிரெல்ஸின் 'வில் யூ லவ் மீ டுமாரோ' 1961 ஜனவரியில் முதலிடம் வந்தபோது, கறுப்பினப் பெண் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. எழுதியது கணவனும் மனைவியுமான ஜெரி காஃபின், கரோல் கிங். கரோலுக்கு வயது 18. முன்னணிப் பாடகி ஷர்லி ஓவன்ஸ் முதலில் இது அமெரிக்கக் 'கன்ட்ரி' பாட்டு மாதிரி இருக்கிறது, எங்களுக்கு ஒத்துவராது என்றிருக்கிறார். வயலின்கள் சேர்ந்த பிறகுதான் மனம் மாறினார். அந்த வயலின் பகுதியை எழுதியதும் கரோல்தான். கென் எமர்சன் 2005இல் எழுதிய 'ஆல்வேஸ் மேஜிக் இன் தி ஏர்' முழுக்க இந்த எழுத்தாளர்களைப் பற்றியது.

எல்லாமே இனிமையான கதை என்று நினைக்க வேண்டாம். அதே காஃபினும் கிங்கும் 1962இல் கிரிஸ்டல்ஸுக்கு ஒரு பாட்டு எழுதினார்கள். அடித்தான், அது முத்தம் மாதிரி இருந்தது என்று ஒரு பெண் சொல்வதாக வரும். அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஈவா என்ற பெண், காதலன் தன்னை அடிப்பதை அன்பு என்று சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினார்கள். (அவரேதான் பிறகு 'லிட்டில் ஈவா' என்ற பெயரில் பாடிப் புகழ் பெற்றார்.) எதிர்ப்பு வந்ததும் தட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதைப் பாடிய பார்பரா ஆல்ஸ்டன், குழுவில் எங்கள் ஒருவருக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். பிடிக்காத பாட்டையும் பாடித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டின் கதை போதும்.

ஷாங்ரி-லாஸ் எனக்குத் தனிப் பிரியம். 1964இல் முதல் வெற்றிப் பாட்டைப் பாடியபோது மேரி வைஸுக்கு 15 வயது. அந்தப் பெண் பாடுவதைவிட அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது மாதிரிதான் இருக்கும். அவர்களைப் பற்றி ஏடா வோலின் 2019இல் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். படிக்கும்போது கேட்பதற்கு ரைனோ கம்பெனி 2005இல் வெளியிட்ட பெண் குழுப் பாட்டுகளின் தொகுப்பைத் தேடுங்கள். தொப்பிப் பெட்டி வடிவத்தில் வந்தது. நான்கு குறுந்தட்டு, 120 பாட்டு, பெரும்பாலும் உலகம் மறந்துபோனவை.

பின்பக்கப் பாட்டு:

எழுத்தாளர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். வரிசைக்காக மட்டும்தான் ரானியை முதலில் வைத்தேன். கரோல் கிங்கைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஷிரெல்ஸின் நிலைமை வேறு. சம்பாதித்த பணம் 21 வயது வரை பத்திரமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வயது வந்து கேட்டபோது அப்படி ஒரு பணமே இல்லை. அதை அவர்கள் வாயால் முதலில் கேட்டுவிட்டு, பிறகு மற்றவர்களிடம் போகட்டும் என்பதுதான் என் எண்ணம்.

நள்ளிரவு வானொலி:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் ஆயிற்று. ரானியின் புத்தகம் கையில் இருக்கிறது, கனமான பகுதிக்கு இன்னும் வரவில்லை. அதைப் பகலில் படிக்கிறேன்.

ஒரு பக்கத்தை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். 'பீ மை பேபி' பதிவுக்காக ஹாலிவுட்டில் கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவுக்குப் போகிறார். உள்ளே இசைக்கலைஞர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் பெண்கள் கழிப்பறைக்குள் போய்ப் பாடிப் பார்க்கிறார், அங்கே எதிரொலி நன்றாக இருந்ததாம். கண்ணாடி முன்னால் நின்று பாடும்போதுதான் அந்த 'வோ-ஓ-ஓ-ஓ' எல்லாம் பிறந்தது என்கிறார். நான் மூன்று வாரம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட அதே இடம். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அவராகவே கண்டுபிடித்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாட்டைப் போட்டேன். டிரம்ஸ், அந்தக் குரல், அந்த இழுப்பு.

அடுத்தது டார்லீனின் புத்தகம். உறை மேல் பென்சிலால் எழுதினீர்களே, நானும் எழுதப் போகிறேன்.